பதினொரு விநாடியை ஒரு விநாடியாக்கிய விதம்

வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த நீங்கள் நேற்று ஈரற்பெரியகுளம் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. விசாரிக்க வந்தவரை விசாரிப்பது மரியாதையல்ல.

போன வருடம், அதாவது 1999இல், வவுனியாவில் மனிதர் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றார்கள். பாணுக்கு நின்றார்கள், மண்ணெண்ணெய்க்கு நின்றார்கள், ஊரைவிட்டு வெளியே போக இராணுவம் தரும் பாசுக்கு நின்றார்கள், பாஸ் கேட்பதற்கு முன் எடுக்கவேண்டிய துண்டுக்கும் நின்றார்கள். நான் செய்ததெல்லாம் அந்த வரிசைகளில் ஒன்றை வேகப்படுத்தியதுதான். அதற்காக ஒருவனைக் கதிரையில் இருத்திவைத்துக் கேள்வி கேட்பது புதுமையாக இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் தில்லைநாதன். ஊர் வட்டக்கச்சி. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர், மூன்று ஏக்கர் வயல் செய்தவர். தொண்ணூற்றாறில் நாங்களும் மற்ற எல்லாரையும்போலப் பெட்டியும் படுக்கையுமாக வெளிக்கிட்டு, கடைசியில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். நானும் இடம்பெயர்ந்தவன்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்தவரின் கஷ்டம் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் நிவாரண நிறுவனத்தில் நான் கொம்பியூட்டர் பொறுப்பாளர். வேலை மிகவும் எளிமையானது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் ஆறு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தரும். எத்தனை பேர், கூரைத்தகரம் வேண்டுமா, பால்மா வேண்டுமா, வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலைக்கு எடுத்த ஐந்து பெண்பிள்ளைகள் அதைக் கொம்பியூட்டரில் அடிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பதிவிலிருந்து ஒரு பட்டியல் அச்சாகும்: கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகவேண்டியவர்களின் பட்டியல். அதில் பெயர் இருந்தால் பாஸ் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் வருத்தமும் உங்களுடையது, வவுனியாவும் உங்களுடையது.

அந்த ஐந்து கொம்பியூட்டருக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. எல்லாம் என் அறையிலிருந்த சேர்வரில்தான். எங்கோ ஒரு குளிர்நாட்டில் வேண்டாமென்று ஒதுக்கி, அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டி அனுப்பிய யுனிக்ஸ் இயந்திரம் அது. நினைவகம் தாராளம், டிஸ்க் மட்டும் கிழடு. பிள்ளைகள் ஒரு பக்கத்தை அடித்துச் 'சேவ்' கொடுத்தால், அது வயர் வழியாக ஓடிவந்து சேர்வரின் டிஸ்கில் எழுதப்படும். எழுதி முடிந்தபின் 'எழுதியாயிற்று' என்று சேர்வர் பதில் அனுப்பும். அந்தப் பதில் போய்ச் சேரும்வரை அங்கே கீபோர்ட் அசையாது. பக்கத்துக்குப் பதினொரு விநாடி. படிவத்துக்கு ஆறு பக்கம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சேவ் கொடுத்தால், பிள்ளைகள் எழும்பிப்போய்த் தலை வாரிக்கொண்டு வரலாம்.

எங்கள் பணிப்பாளர் செல்வநாயகம் ஐயாவுக்கு இது பெரிய கவலை. அவர் இளைப்பாறிய அதிபர். எதையும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டே பழகியவர். உதவி தருகிற நாட்டுக்காரர் எழுதியிருந்தார்கள்: நாளுக்கு இருநூறு படிவம் பதிந்தால்தான் அடுத்த வருடமும் திட்டம் ஓடும் என்று. நாங்கள் பதிந்தது நூற்றுப்பத்து. திட்டம் நின்றால் நாங்கள் பதினாறு பேரும் கவுண்டரின் மற்றப் பக்கத்துக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

ஆகவே நான் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று வாரமும் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான காலம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சேர்வருக்குள்ளே, வருகிற வேண்டுகோள்களை வாங்கி முடித்துக் கொடுக்கச் சின்னச்சின்ன ஏவலாளர் இருப்பார்கள். நான் பார்த்தபோது நாலு பேர்தான் இருந்தார்கள். பதினாறு ஆக்கினேன், பதினொரு விநாடி எட்டானது. ஒருதரத்தில் ஒரு கிலோபைட்டாகப் போய்க்கொண்டிருந்ததை எட்டுக் கிலோபைட் ஆக்கினேன், எட்டு ஐந்தானது. குசினிப் பக்கமாகப் போன வயரை எலி கடித்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன், ஐந்து நாலானது. இவ்வளவும் சுத்தமான வேலை. இதற்கெல்லாம் யாரும் என்னை விசாரிக்க வரவில்லை, கவனித்தீர்களா?

நாலில் வந்து நின்றுவிட்டது. பணிப்பாளர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நாலு விநாடி எண்டா இன்னும் நாலு விநாடிதானே. ஒண்டாக்கேலாதோ?"

"டிஸ்க் கிழடு ஐயா. அது எழுதிற வேகத்திலதான் எழுதும்."

"அப்ப எழுதாமச் செய்யிறதுக்கு வழி இல்லையோ?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். வழி இருந்தது. எந்தக் கோப்பை எந்த இயந்திரத்துடன் பகிர்வது என்று சேர்வரில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அதில் ஒரேயொரு சொல்லைச் சேர்த்தால் போதும். சேர்வர் அதன்பிறகு டிஸ்கில் எழுதிவிட்டுப் பதில் சொல்லாது. கையில் வாங்கியவுடன் 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும், எழுதுவது பிறகு. தபாற்கந்தோரில் பதிவுத்தபாலை வாங்கிக்கொண்டு துண்டைத் தந்துவிட்டுக் கடிதத்தை மேசையில் போட்டுவைக்கிற கிளாக்கரைப்போல. துண்டு உங்கள் கையில். கடிதம் போகும், போகும்போது.

அதோடு இன்னொன்றும் செய்தேன். நினைவகத்தில் சேர்ந்திருப்பதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கில் கொட்டுவது அந்த இயந்திரத்தின் வழக்கம். கொட்டும்போதெல்லாம் கீபோர்ட்டுகள் ஒரு கணம் திக்கும். நான் அதை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன். திக்கலும் நின்றது.

ஒரு விநாடி. சில பக்கங்களுக்கு அதுகூட இல்லை. பிள்ளைகள் சேவ் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் 'பதியப்பட்டது' என்று வந்து நின்றது. அந்தக் கிழமை இருநூற்று முப்பத்தொரு படிவம் பதிந்த நாளும் உண்டு. பணிப்பாளர் கேக் வாங்கி வெட்டினார். வெளிநாட்டுக்கு அனுப்பிய அறிக்கையில் என் பெயரைப் போட்டார். எழுத்துப்பிழையோடு, ஆனாலும் போட்டார்.

அந்தச் சொல்லுக்குக் கீழே கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது. மின்சாரம் நின்றால், எழுதியதாகச் சொன்னவை எழுதப்படாமற் போகலாம் என்று. நான் அதை வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் என்னைச் சோம்பேறி என்று நினைப்பீர்கள்.

எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வந்தது. நாலு மணிக்குப் போய் ஏழுக்கு வரும். இந்த நாட்டில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான். ஒரு யூ.பி.எஸ். இருந்தது. அதைப் பணிப்பாளர் அறையிலிருந்த ஃபாக்சுக்குக் கொடுத்திருந்தோம்; ஃபாக்ஸ் நின்றால் வெளிநாட்டுக்கு எங்கள் வேகத்தை எப்படி அறிவிப்பது? இன்னொன்று வாங்கக் கேட்டெழுதினோம். அதற்குள் பற்றரி இருக்கிறது, பற்றரிக்கு இராணுவ அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஒரு கடிதம் வேண்டும், கடிதத்துக்கு ஒரு வரிசை இருந்தது.

ஆகவே நாலு மணிக்குக் கரண்ட் போகும். பிள்ளைகள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கடைசி ஒரு மணித்தியாலத்தில் அடித்ததெல்லாம் நினைவகத்தோடு போய்விடும். முதல்நாள் முடிந்து மறுநாள் விடிய நான் எண்ணிப் பார்த்தேன். 'பதியப்பட்டது' என்று முத்திரை குத்திப் பெட்டியில் அடுக்கியிருந்த படிவம் இருநூற்றுப் பதினேழு. சேர்வரில் இருந்தது நூற்றெழுபத்தாறு. நாற்பத்தொரு குடும்பம் இல்லை.

எனக்குக் கவலையாக இருந்தது. உண்மையாகவே கவலையாக இருந்தது, அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்று கீபோர்ட்டில் கையும் வைத்தேன். பிறகு யோசித்தேன். எடுத்தால் நாலு விநாடி. நாலு விநாடி என்றால் நாளுக்கு நூற்றைம்பது. இப்போது நாற்பத்தொன்று தொலைந்தாலும் நூற்றெழுபத்தாறு மிஞ்சுகிறது. கணக்கு உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். என் பிழையால் ஒவ்வொரு நாளும் இருபத்தாறு குடும்பம் கூடுதலாகப் பதியப்பட்டது. இப்படி ஒரு பிழையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அறிக்கைக்கு நாங்கள் எண்ணியது முத்திரையைத்தான். சேர்வரை எண்ணுவது நான் ஒருவன்தான். அதை நான் ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை.

அந்த நாற்பத்தொரு குடும்பமும் யாருடையவை என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. அதற்கு நான் பொறுப்பல்ல. அது நான் வருவதற்கு முந்தியே கந்தோரில் இருந்த பழக்கம். காலையில் எங்கள் பியோன் பொன்னையா படிவங்களை இரண்டு கட்டாகக் கட்டிவைப்பார். முதற்கட்டு எங்கட ஆக்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள், பழைய வன்னி ஊர்க்காரர். மற்றக்கட்டு தேயிலைத் தோட்டத்து ஆக்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிவாங்கி வந்து, எங்கள் வயல்களில் வேலைக்கு நின்றவர்கள். பிறகு எங்களோடு சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், இடம்பெயர்வதில் மட்டும் பின்னுக்கு நிற்கவிடவில்லை. அப்படிக் கட்டச்சொல்லி யாரும் உத்தரவிட்டதில்லை. ஏன் அப்படி என்று நான் ஒருமுறை பொன்னையாவைக் கேட்டேன்.

"அதுகளின்ர படிவத்தில எப்பவும் ஏதாவது குறைஞ்சிருக்கும் தம்பி. பிறப்புப்பத்திரம் இராது, பிரஜாவுரிமை இராது. ஆறுதலாப் பாக்கவேணும். அதுதான் பின்னேரத்துக்கு வைக்கிறது."

மற்றக்கட்டின் முதற்பாதி தப்பிவிடும். அடிப்பாதி மூன்று மணிக்குப் பிறகுதான் வரும். இதில் எனக்கு என்ன சம்பந்தம்? இயந்திரம் ஆள் பார்ப்பதில்லை. யாருடைய பெயர் மூன்று மணிக்குப் பிறகு வந்தாலும் அது ஒரேமாதிரித்தான் மறக்கும்.

இன்னொரு வசதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சத்தம் போடுவதில்லை. முதற்கட்டில் ஒருவருக்குப் பால்மா பிந்தினால் பாராளுமன்றம்வரை கடிதம் போகும். மற்றக்கட்டுக்காரர் வந்து பட்டியலைப் பார்ப்பார்கள், பெயர் இல்லை என்றால் வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பவும் நிற்பார்கள்.

மாயாண்டி அப்படித்தான் வந்தான். அவன் எங்கள் அப்பாவின் வயலில் வேலை செய்தவன். என்னைவிடப் பத்து வயது கூட. நான் சின்ன வயதிலிருந்து 'நீ' என்றுதான் அவனோடு கதைப்பேன், அவன் என்னைச் 'சின்னையா' என்பான். அது எங்களுக்குள்ளே பாசம். அவனுடைய மனைவி தங்கம்மா எங்கள் வயலில் ஒன்பது போகம் நாற்று நட்டவள். இப்போது பூவரசங்குளத்தில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் முதல்தரம் வந்தான். என் அறை வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"தங்கம்மாவுக்கு நெஞ்சு வலிங்க சின்னையா. நாலு எட்டு நடக்க முடியல, மூச்சு வாங்குது. இருதயத்துல வால்வு சுருங்கிருச்சாம். கொழும்புக்குக் கொண்டுபோனா ஆப்பரேசன் பண்ணிச் சரியாக்கிரலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா லிஸ்டுல பேரு வரலீங்களே."

"படிவம் குடுத்தனியோ?"

"குடுத்தேங்க. அந்தப் பிள்ளை முத்திரை குத்தினதைக் கண்ணால பாத்தேங்க."

"அப்ப பதிஞ்சாச்சு. வரும், போ."

அது வராது என்று எனக்குத் தெரியும். அவன் போனபின் சேர்வரில் தேடியும் பார்த்தேன், இல்லை. நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. எங்கள் விதிப்படி முத்திரை குத்தினால் பதிந்ததுதான்.

மே மாதம் திரும்பவும் வந்தான். புதுப் படிவம் ஒன்று கேட்டான். முத்திரை குத்திய குடும்பத்துக்கு இரண்டாம் படிவம் கொடுப்பதில்லை என்று ஒரு விதி இருந்தது. கவுண்டரில் இருந்த செல்வராசா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுதரம் பதிஞ்சு ரெண்டு மடங்கு தகரம் எடுக்கப் பாக்கிறியோ?"

"ஐயோ இல்லீங்க. எனக்குத் தகரம் வேணாங்க. பேரு மட்டும் போட்டுட்டாப் போதுங்க."

நான்தான் எழும்பிப்போய் அவனுக்காகக் கதைத்தேன். தெரிந்த குடும்பம், களவு செய்யமாட்டான், ஒரு படிவம் கொடுங்கோ என்றேன். செல்வராசா முகத்தைச் சுழித்துக்கொண்டு கொடுத்தார். மாயாண்டி குனிந்து என் காலைத் தொட்டான். வேண்டாம் என்று தடுத்தேன், கொஞ்சம் பிந்தித் தடுத்தேன். அந்தப் படிவம் பின்னேரம் மூன்றரைக்கு அடிக்கப்பட்டது.

இனிச் சுமித்திராவைப்பற்றி. உங்களுக்குக் கடிதம் எழுதிய பிள்ளை அவர்தான் என்று தெரியும், நீங்கள் ஒளிக்கத் தேவையில்லை. கனகராயன்குளத்துப் பிள்ளை. தாயும் மூன்று தங்கைச்சிமாரும் அவருடைய சம்பளத்தில் இருந்தார்கள். ஐந்து பேரில் கெட்டிக்காரி. கெட்டிக்காரராக இருப்பது தட்டெழுத்துக்குத் தேவையில்லாத ஒன்று. மே மாத முடிவில் ஒரு நாள் கையில் ஒரு கொப்பியோடு என் அறைக்கு வந்தார்.

"அண்ணை, நான் பின்னேரம் கடைசியா அடிக்கிற படிவ இலக்கமெல்லாம் இதில எழுதி வச்சிருக்கிறன். விடிய வந்து தேடிப் பாத்தா ஒண்டும் இல்லை. நேற்றும் இல்லை, முந்தநாளும் இல்லை."

"நீர் சேவ் குடுக்க மறந்திருப்பீர் பிள்ளை. பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்தில."

"ஐஞ்சு பேரும் ஒருமிக்க மறப்பமோ?"

நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்கிறவர்களோடு வேலை செய்வது சிரமம். நெட்வேர்க் பிரச்சினை, நான் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் பொறுப்பாளர், அவர் தற்காலிகம்.

யூன் மாதம் தங்கம்மாவுக்கு நாள் கிடைத்தது. பதினாலாந் திகதி திங்கட்கிழமை கொழும்பில் ஆப்பரேசன். பதினோராந் திகதி வெள்ளிப் பட்டியலில் பெயர் வந்தால் பாஸ் எடுத்துச் சனிக்கிழமை வெளிக்கிடலாம். வராவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதுவரை அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் துண்டிலே எழுதியிருந்தார். அந்தத் துண்டைப் படிவத்தோடு குத்தி வியாழக்கிழமை காலை மாயாண்டி கொண்டுவந்து கொடுத்தான். விதியைப்பற்றி இந்தமுறை செல்வராசாகூடக் கதைக்கவில்லை. சுமித்திரா அதை வாங்கி முதற்கட்டின் மேலே வைத்திருந்தார். எட்டரைக்கு அடித்திருந்தால் ஒன்பதரைக்குள் டிஸ்கில் ஏறியிருக்கும்.

நான் அதைக் கண்டேன். எடுத்து மற்றக்கட்டின் அடியில் வைத்தேன். சுமித்திரா தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அது அவசரக் கேஸ்."

"எல்லாருக்கும் அவசரந்தான் பிள்ளை. ஒராளுக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும். ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு."

இதில் என்ன பிழை? அடுத்த கிழமை வெளிநாட்டுக்காரர் விநாடிமானியோடு வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் கட்டுகளை மாற்றி, கேள்விகளைக் கிளப்பி, ஏன் காலையில் அடித்தால் இருக்கிறது பின்னேரம் அடித்தால் இல்லை என்று ஊர் முழுக்கக் கதைக்கவிடலாமா?

வெள்ளிப் பட்டியலைப் பிள்ளைகள் விடிய வருவதற்கு முன்பே அச்சடித்துவிடுவேன். அதில் தங்கம்மாவின் பெயர் இல்லை. திங்கட்கிழமை கொழும்பில் யாரோ அவளுடைய கட்டிலில் வேறு ஆளைப் படுக்கவைத்திருப்பார்கள். யூன் இருபத்தொன்பதாந் திகதி பூவரசங்குளத்தில் அவள் செத்துப்போனாள். முப்பத்தாறு வயது. நான் மரணவீட்டுக்குப் போனேன், போகாமல் விடுகிற ஆள் நானல்ல. மாயாண்டி எனக்கு இருக்க ஒரு வாங்கு கொண்டுவந்து போட்டான்.

அதற்குப் பிறகுதான் சுமித்திரா கொப்பியோடு பணிப்பாளரிடம் போனார். பணிப்பாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். நான் உண்மையைத்தான் எழுதினேன், நீங்களும் வாசித்திருப்பீர்கள். படிவத்தில் முத்திரை இருக்கிறது. முத்திரை குத்தியவர் சுமித்திரா. இயந்திரத்தில் பதிவு இல்லை. மூன்று வசனம், மூன்றும் சரி.

"நான் பதிஞ்சனான் ஐயா. 'பதியப்பட்டது' எண்டு ஸ்கிரீனில வந்தது. வந்த பிறகுதான் முத்திரை குத்தினனான்."

"அப்ப மெசின் பொய் சொல்லுதோ பிள்ளை?" என்றார் பணிப்பாளர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மெசின் பொய் சொல்லாது ஐயா," என்றேன். அன்று பின்னேரமே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். போகும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவருடைய இடத்துக்கு வந்த பிள்ளை அவ்வளவு வேகமில்லை, அந்த மாதம் எங்கள் எண்ணிக்கை விழுந்தது. அதுவும் என் கவலைதான், யாரும் அதைக் கேட்பதில்லை.

இப்போது நீங்கள் அந்தக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைக்கிறீர்கள். சேர்வர் எழுதிவைத்திருக்கும் பதிவு. நான் என்னென்ன கட்டளை கொடுத்தேன் என்று நாள், நேரத்தோடு. இதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கொழும்பு அனுப்பும் என்று நான் நினைக்கவில்லை. பாராட்டுகிறேன்.

ஓம். அது 'சிங்க்' என்கிற கட்டளை. ஆங்கிலத்தில் நாலெழுத்து. நினைவகத்தில் இருப்பதெல்லாவற்றையும் இப்போதே டிஸ்கில் எழுது என்று அர்த்தம். சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள்: வேலைநாள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டேகாலுக்கும் இடையில் ஒருமுறை அடித்திருக்கிறேன். முதற்கட்டு முடிகிற நேரம். மத்தியானத்தில் திடீரென்று கரண்ட் போனால் அந்தக் கட்டுக்கு ஒன்றும் நடந்துவிடக்கூடாது அல்லவா? அதற்குள் என் அம்மாவின் படிவமும் இருந்தது, அக்கா குடும்பத்தின் படிவமும் இருந்தது, எங்கள் ஊர் முழுக்க இருந்தது. பொறுப்புள்ள எவரும் செய்கிற வேலைதான்.

பின்னேரம் நாலு மணிக்கு முன் ஏன் ஒருநாளும் அடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். யாருடைய வேலையும் நிற்காது, வேகமும் குறையாது, பிள்ளைகளுக்குக் கீபோர்ட் ஒரு கணம் திக்கும், அவ்வளவுதானே என்கிறீர்கள். அவ்வளவுதான். அதைத்தான் நானும் கொஞ்சநாளாக யோசித்துப் பார்க்கிறேன். பின்னேரம் தேநீர் நேரம். வேலை முடிகிற நேரம். அந்தக் கட்டுக்கு அடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றாதது குற்றமென்றால் பொன்னையாவையும் இதே கதிரையில் இருத்துங்கள், பணிப்பாளரையும் இருத்துங்கள், வட்டக்கச்சியையே இருத்துங்கள்.

அந்த வியாழக்கிழமையும் தோன்றவில்லையா என்கிறீர்கள்.

அன்று தோன்றியது.

சுமித்திரா அந்தப் படிவத்தை மூன்றே முக்காலுக்கு அடித்து முடித்தார். நான் சேர்வருக்கு முன்னால்தான் இருந்தேன். தேடிப் பார்த்தேன். தங்கம்மா மாயாண்டி, வயது முப்பத்தாறு, இருதய வால்வு, யூன் பதினாலு என்று திரையில் முழுதாக வந்தது. நினைவகத்தில் இருந்தாள். நாலெழுத்து அடித்தால் டிஸ்கில் இருப்பாள், வெள்ளிக்கிழமை பட்டியலில் இருப்பாள், சனிக்கிழமை பஸ்ஸில் இருப்பாள். மூன்றெழுத்து அடித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். இந்தமுறை பெயர் வந்தால், முந்தின இரண்டுமுறையும் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். சுமித்திராவின் கொப்பி சரி என்றாகும். அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். கேக் வெட்டியதெல்லாம் பிழை என்றாகும். அடித்த மூன்றெழுத்தையும் அழித்தேன். கதிரையில் சாய்ந்துகொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் நீளமான நேரம். நாலு மணிக்கு, சொல்லிவைத்தபடி, கரண்ட் போனது.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். விறாந்தையில் மாயாண்டி நின்றான். காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறான்போல. என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"இந்த வாட்டியாவது பதிஞ்சிருச்சுங்களா சின்னையா?"

"ஓம், பதிஞ்சாச்சு. வீட்ட போ," என்றேன்.

சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை.